'மைன்': ஒரு சொல், எத்தனை அர்த்தம்?

பள்ளியில் 'மைன்' என்றால் 'என்னுடையது' என்றுதான் படித்தோம். கோலார் தங்க வயல்ல கேளுங்க, முதல் அர்த்தம் சுரங்கம், அடுத்தது ஊர். மைசூர் மைன்ஸ் என்ற சுரங்கத்தின் பேரே குடியிருப்புக்கும் ஆகிவிட்டது.

எழுத்து ஒண்ணுதான், ஆனா இரண்டும் உறவே இல்லாத சொற்கள். 'என்னுடையது' பழைய ஆங்கிலம். சுரங்கம் பிரெஞ்சு வழியாக வந்தது. எதிரியின் கோட்டைச் சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைப்பது அந்தக் காலப் போர்முறை. கண்ணிவெடிக்கும் 'மைன்' என்று பேர் வந்தது அப்படித்தான். டேட்டா மைனிங், பிட்காயின் மைனிங் எல்லாம் நேத்து வந்தவை.

தங்க வயலில் இந்த இரண்டு 'மைன்'களும் சேரவே இல்லை. 1880 முதல் சுரங்கங்களை நடத்தியது லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். உள்ளே இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து போன தமிழர்கள், அதிலும் தலித்துகள். சாம்பியன் ரீஃபில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போய் வெட்டினார்கள். தங்கம் அவர்களுடையது இல்லை. குடியிருந்த லைன் வீடுகூட கம்பெனியுடையது.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்களை மூடியாச்சு. இன்று பேரப்பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போறாங்க. ஊர் எதுன்னு கேட்டா, பதில் இன்னும் 'மைசூர் மைன்ஸ்'தான்.