ஆளைக் காட்டு

ஆடி அமாவாசையன்று மட்டக்களப்பு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தக் குளத்தைச் சுற்றி நிற்க இடம் கிடைக்காது. வாவியின் மேற்கே படுவான்கரையிலிருந்தும் கிழக்கே எழுவான்கரையிலிருந்தும் வந்த சனம் நீரில் மூழ்கி எழுந்து, இறந்த தகப்பனுக்கும் முன்னோருக்கும் பிதிர்க்கடன் செய்யும். உயிரோடு இருக்கிறானா இல்லையா என்றே தெரியாத பிள்ளைக்கு அந்தக் கடனைச் செய்ய எந்தத் தாய்க்கு மனம் வரும்? அமிர்தகழியிலிருந்து அதிக தூரமில்லாத சத்துருக்கொண்டான் இராணுவ முகாமுக்கு 1990 செப்டெம்பர் 9ஆம் திகதி இரவு அந்த ஊர்ச் சனமும் கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடிச் சனமும் கொண்டுபோகப்பட்டார்கள். பரவலாகச் சொல்லப்படும் கணக்கு 184 பேர். அதற்கு நான்கு நாள் முன்பு வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமில் 158 பேரை இராணுவம் பிரித்தெடுத்துக் கொண்டுபோயிருந்தது. அவர்களும் திரும்பவில்லை.

இப்படி ஆளைப் பறிகொடுத்தவர்களுக்குச் சட்டம் கொடுத்த முக்கியக் கருவி ஒரு தாள்: ஆட்கொணர்வு மனு. அது கேட்பது மிகச் சின்ன விஷயம். நீ பிடித்து வைத்திருக்கும் ஆளை நீதிபதி முன் கொண்டு வந்து நிறுத்து, எந்தச் சட்டப்படி பிடித்தாய் என்று சொல். பிடிபட்டவர் நல்லவரா, எந்தக் கட்சி, எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று மனு கேட்பதில்லை. இந்தத் தாள் இலங்கைக்கு வந்து மட்டக்களப்பு வரைக்கும் நடந்த கதையைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

அது பிறந்தது இங்கிலாந்தில். மன்னரின் ஆட்கள் விரும்பியவரைச் சிறையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்ததை எதிர்த்துப் பல தலைமுறை மல்லுக்கட்டிய பிறகு, 1679இல் பாராளுமன்றம் அதைப் பலமான சட்டமாக்கியது. இலங்கைக்கு 1833ஆம் ஆண்டின் நீதிச் சாசனத்தோடு வந்து சேர்ந்தது. அந்த நீதிச் சீர்திருத்தத்தின் மூளை சார்ல்ஸ் ஹே கமரூன். ஜெரமி பெந்தமின் சீடர். பிறப்பு எதுவானாலும் சட்டத்தின் முன் மனிதன் ஒரு மனிதனாகவே நிற்க வேண்டும் என்ற தாராளவாத எண்ணத்தோடு வந்தவர். அவரும் சக ஆணையாளர் கோல்புறூக்கும் தந்த அறிக்கைகளையொட்டித்தான் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியமும் ஒழிந்தது. அவர்களை அனுப்பியது ஒரு காலனி அரசுதான், அதில் எனக்கு மயக்கமில்லை. என்றாலும் அந்த அரசே தன்னை எதிர்ப்பவர் கையிலும் ஒரு பிடியைக் கொடுத்துவிட்டது.

அந்தப் பிடியை இலங்கையர் உண்மையில் பற்றிக்கொண்டது 1937இல். மார்க் அந்தனி பிரேஸ்கேர்டல் என்ற இளைஞர், அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து மடுல்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் சின்னத்துரையாகப் பயிற்சி பெற்றவர். தொழிலாளர் பக்கம் பேசியதால் வேலை போயிற்று. லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்து மேடையேறினார். ஆளுநர் ரெஜினால்ட் ஸ்டப்ஸ், 1896ஆம் ஆண்டின் ஒரு பழைய கட்டளையைத் தூசி தட்டி எடுத்து, ஏப்ரல் 24க்குள் நாட்டை விட்டுப் போ என்றார். பிரேஸ்கேர்டல் தலைமறைவானார்.

மே 5ஆம் திகதி காலிமுகத்திடலில் ஒரு கூட்டம். சுமார் 50,000 பேர் என்பார்கள். கொல்வின் ஆர். டி சில்வா தலைமை. மேடையில் என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன ஆகிய மார்க்சியர். சமசமாஜிகளோடு முட்டிக்கொண்டிருந்த தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க. அம்பாந்தோட்டையின் டி. எம். ராஜபக்ஷ. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் ஹன்டி பேரின்பநாயகம். மலையகத் தொழிலாளருக்காகப் பாட்டெழுதிப் பாடிய மீனாட்சி அம்மாள் நடேசய்யர். வேறெந்த நாளிலும் ஒரே மேடையில் கண்டிருக்க முடியாத முகங்கள். அந்த மேடையிலேயே பிரேஸ்கேர்டல் தோன்றினார். பொலிஸ் கைவைக்கத் துணியவில்லை. அன்றே அரசாங்க சபையில் ஆளுநருக்கு எதிரான கண்டனம் 34க்கு 7 என்ற வாக்கில் நிறைவேறியது. ஆளுநர் பொறுப்பான அமைச்சரின் ஆலோசனையைக் கேட்கவில்லை என்பது குற்றச்சாட்டு.

பிறகு பொலிஸ் அவரைப் பிடித்ததும் ஆட்கொணர்வு மனு உச்ச நீதிமன்றம் போனது. அன்றைய பெயர்பெற்ற சட்டத்தரணி எச். வி. பெரேரா கூலி வாங்காமல் வாதாடினார். அவசரநிலைக்கென்று தந்த அதிகாரத்தை அமைதிக் காலத்தில் எடுத்து வீச முடியாது என்று பிரதம நீதியரசர் சிட்னி ஏப்ரகாம்ஸ் தலைமையிலான மூவர் தீர்ப்பளித்தார்கள். பிரேஸ்கேர்டல் விடுதலையானார். அந்தத் தீர்ப்பு மே 18ஆம் திகதி வந்தது.

அந்த மேடையில் ஏறியவர்களில் பலர் தனிமனித உரிமை என்பதை முதலாளிகளின் சங்கதி என்று சொல்லக்கூடியவர்கள். அன்று அது தடையாக இருக்கவில்லை. ஆனால் மேடை கலைந்த பின் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அது பொய்க் கதையாகிவிடும். 1948இல் மீனாட்சி அம்மாள் பாடிய மக்களின் குடியுரிமை பறிபோனது. 1956இல் பண்டாரநாயக்க தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1972இல் கொல்வின் முன்னின்று வரைந்த அரசியலமைப்பில், சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, சிறுபான்மையினருக்கு இருந்த அந்தச் சின்னக் காப்பு, இடம்பெறவில்லை. பிறர் உரிமைக்காக ஒருமுறை எழுந்து நின்றவர்கள் மறுமுறை எண்ணிக்கைப் பலத்தின் பக்கம் போனார்கள். என் மனசுக்கு இந்த வரலாற்றில் மிகவும் வலிப்பது இந்த இடம்.

1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. அமைச்சரின் உத்தரவில் 18 மாதம் வரை ஆளை வைத்திருக்கலாம் என்றானது. பிரேதத்தை மரண விசாரணையில்லாமல் அகற்ற அவசரகால விதிகள் இடம் கொடுத்தன. ஆளும் இல்லை, உடலும் இல்லை என்றால் நீதிபதி முன் எதைக் கொண்டுவருவது?

இந்த நிலையில்தான் மனு கிழக்குக்கு வந்தது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்கு முன்பு, ஆட்கொணர்வு கேட்பவர் கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றம் போக வேண்டும். திருத்தத்தின் பின் மாகாண மேல் நீதிமன்றத்திலும் கேட்கலாம் என்று சட்டப் புத்தகம் சொன்னது. ஆனால் 1990இல் மட்டக்களப்பிலிருந்து ஒரு பெண் வாகரைக்கோ வாழைச்சேனைக்கோ போய்வருவதே சோதனைச் சாவடிகளைக் கடந்துதான். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டைப் பிரதி, பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், செஞ்சிலுவைச் சங்கத் துண்டு, கிராம சேவகரின் கடிதம் என்று ஒரு பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு அலைந்தார்கள். விசாரணை தவணை தவணையாக இழுபட்டது.

அதே ஆண்டுகளில் தெற்கிலும் இதே பை இருந்தது. ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்கியபோது ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர் காணாமற்போனார்கள். 1984இலேயே யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி எழுந்திருந்தது. 1990இல் தெற்கிலும் அதே பெயரில் ஒன்று எழுந்தது. ஊடகவியலாளர் ரிச்சர்ட் டி சொய்சாவைப் பறிகொடுத்த தமிழ்த் தாய், மருத்துவர் மனோராணி சரவணமுத்து, அதன் முகமானார். மாத்தறைப் பக்கத்துத் திக்வெல்லையிலிருந்து வந்த லீடா வயலட் வழக்கில் 1994இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஆளைக் காட்ட முடியாத பொலிஸ் பொறுப்பதிகாரி மனுதாரருக்குத் தண்டச் செலவு கட்ட வேண்டும் என்றது. உடலைக் கொண்டுவர முடியாவிட்டாலும் பொறுப்பு போகாது என்று சொன்ன தீர்ப்பு அது. சிங்களத் தாய்மார் வென்ற அந்த வாதம் தமிழ்த் தாய்மாருக்கும் ஆதாரமானது. சட்டத்தில் ஒருவர் திறந்த கதவு எல்லோருக்கும் திறந்துவிடுகிறது.

தெற்கின் அன்னையர் முன்னணிக்குத் துணை நின்றவர்களில் ஒருவர், காலிமுகத்திடல் மேடையேறிய டி. எம். ராஜபக்ஷவின் பெறாமகன் மகிந்த ராஜபக்ஷ. 1990இல் காணாமற்போனவர்களின் படங்களோடு அவர் ஜெனிவா புறப்பட்டபோது கட்டுநாயக்கவில் ஆவணங்களைப் பறித்தார்கள். அவர் ஜனாதிபதியாக இருந்த 2009இல், மே 18ஆம் திகதி முல்லைத்தீவில் இராணுவத்திடம் கணவர்களை ஒப்படைத்த பெண்கள், 2013இல் வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். 2022 டிசம்பரில் நீதிமன்றம், அந்தக் கணவர்களில் ஒருவரான எழிலன் உள்ளிட்டோரைக் கொண்டுவந்து நிறுத்துமாறு இராணுவத்துக்கு உத்தரவிட்டது. எவரும் வரவில்லை.

நமக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் காத்தான்குடி முஸ்லிம் பயணிகளைப் புலிகள் இறக்கிக்கொண்டு போனபோது, அவர்களுக்காக மனுப் போட எந்த நீதிமன்றமும் இருக்கவில்லை. புதைகுழியைத் தோண்டித் தாருங்கள் என்று அந்தக் குடும்பங்கள் பிற்காலத்தில் களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றப் படியேறினார்கள். சத்துருக்கொண்டானுக்காகக் கேட்கிற வாய் குருக்கள்மடத்துக்காகவும் கேட்க வேண்டும்.

2022 செப்டெம்பரில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கக் கோரிக் காங்கேசன்துறையிலிருந்து ஒரு ஊர்தி புறப்பட்டு, மட்டக்களப்பையும் தொட்டு, அம்பாந்தோட்டை வரைக்கும் கையெழுத்துச் சேர்த்தது. அந்தச் சட்டத்தில் அடைபட்டவர்கள் அதற்குள் எல்லாப் பக்கத்திலும் இருந்தார்கள்: கிரான் கடற்கரையில் நினைவேந்திய தமிழர், முஸ்லிம் சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ், சிங்கள மாணவர் தலைவர் வசந்த முதலிகே. சட்டம் இன்னும் நீங்கவில்லை. அடுத்த கையெழுத்துத் தாள் உங்கள் ஊருக்கு வரும்போது, பிடிபட்டவர் யாருடைய ஆள் என்று கேளாமல் ஒப்பமிடுங்கள்.