ஒன்பது கஜமும் உப்பு கற்பூரமும்

அமெரிக்கக்காரங்களோட வேலை பார்க்கிற எல்லார் காதிலும் ஒருநாள் "தி ஹோல் நைன் யார்ட்ஸ்" விழுந்திருக்கும். டிசைன், கோடிங், டெஸ்டிங், டாக்குமென்ட், ராத்திரி ரெண்டு மணி சப்போர்ட், சகலமும் நீங்களேன்னு அர்த்தம் :-)

அது ஏன் ஒன்பது கஜம்? நம்ம ஆளுங்க கிட்ட பதில் ரெடி. மடிசார்! ஒன்பது கஜப் புடவையைப் பார்த்து அசந்துபோன வெள்ளைக்காரன் வார்த்தையைக் கப்பல்ல ஏத்திட்டுப் போயிட்டானாம். வாட்ஸப்பில் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது எனக்கு வந்துடுது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கதை. அமெரிக்காவிலேயே இதுக்குக் கதை ஏராளம். இரண்டாம் உலகப் போர் விமானத்துல தோட்டாப் பட்டை 27 அடி நீளமாம், மொத்தத்தையும் சுட்டுத் தீர்த்தா ஒன்பது கஜமாம். கான்கிரீட் லாரி ஒன்பது கன கஜம் பிடிக்குமாம். போனி டெய்லர்-பிளேக், யேல் சட்ட நூலகத்து பிரெட் ஷாபிரோ மாதிரி ஆட்கள் விடாம பழைய பேப்பர்களைத் துழாவினாங்க. 2012, 2013-ல் விஷயம் வெளியே வந்தது. இண்டியானாவில் மிட்செல்னு ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ப் பத்திரிகை 1907-ல் ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பத்தி எழுதும்போது முழு ஒன்பது கஜம்னு சொல்லுது. அடுத்த வருஷம் அதே பத்திரிகையில், மீன் பிடிக்கப் போன ஒருத்தர் அளக்கிற கதைக்கு அதே ஒன்பது கஜம். தோட்டாப் பட்டை இதோட காலி.

இன்னொரு வேடிக்கை. 1912-ல் கென்டக்கிப் பத்திரிகை ஒன்றில் அதே அர்த்தத்துக்கு ஆறு கஜம்! 1921-ல் தென் கரோலினாவிலும் ஆறுதான். ஆறும் ஒன்பதும் புடவைக் கணக்குதானேன்னு யாராவது கிளம்புறதுக்குள்ள சொல்லிடறேன். இதெல்லாம் அமெரிக்க உள்நாட்டுச் சின்ன ஊர்கள், பேச்சு பேஸ்பாலும் மீனும். எண்ணே மாறுதுன்னா, ஒன்பது கஜம் நீளமுள்ள ஏதோ ஒரு பொருளைத் தேடுறதிலேயே அர்த்தமில்லை. வேணும்னா 1855-ல் அதே இண்டியானாவில் அச்சான ஒரு ஜோக்கைச் சொல்லலாம். மூணு சட்டைக்கு வாங்கின துணி ஒன்பது கஜத்தையும் ஒரே சட்டையில் போட்டுத் தைச்ச கதை. துணிச் சம்பந்தம் இருந்தாலும் இருக்கலாம். ஆனா நடுவுல அம்பது வருஷ இடைவெளி, அதோட அது சட்டை. மடிசார் இல்லை.

எனக்கு எரிச்சல் என்னன்னா, இந்த இரவல் பெருமை நமக்கு எதுக்கு? ஆத்தங்குடியில் எங்க அப்பத்தா வாயில் ஒன்பது கஜம் வந்ததே இல்லை. "உப்புலேருந்து கற்பூரம் வரைக்கும் வச்சு அனுப்புனாக"ன்னுதான் சொல்லும். அது வெறும் பேச்சுக்குச் சொல்றதும் இல்லை. நகரத்தார் கல்யாணத்துல சாமான் பரப்புறதுன்னு ஒரு சடங்கே உண்டு. பொண்ணுக்குக் கொடுக்கிற அத்தனையும் வளவுல வரிசையா அடுக்கி ஊருக்குக் காட்டுவாங்க. வெங்கலம், பித்தளை, எவர்சில்வர், கடல் தாண்டி வந்த மங்குச் சாமான், ஓலைக் கொட்டான், கடைசியா விளக்குமாறு வரைக்கும். செய்முறைக்குத் தனியா முறைச்சிட்டை எழுதுவாங்க. எதுவும் விட்டுப்போகக் கூடாது. எங்க ஆளுங்களுக்கு 'சகலமும்'ங்கிறது எண்ணி, எழுதி, சரிபார்க்கிற விஷயம்.

அந்தப் பணத்துல பெரும்பகுதி பர்மா வட்டித் தொழில்ல வந்தது. தேக்குத் தூண் பர்மாவிலிருந்து, மார்பிள் இத்தாலியிலிருந்து. எங்க ஊர்ப் பெயரைச் சுமக்கிற டைல்ஸ் மட்டும் உள்ளூர் மணலும் சிமெண்டும் சாயமும் சேர்த்து, கண்ணாடி மேல வார்த்தது. அந்தக் கண்ணாடிதான் பளபளப்பு தருது, பாலீஷ் கிடையாது. 1930-ல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். விலை சரிஞ்சு, கடன் வாங்கின விவசாயி திருப்ப முடியாம, 1938 வாக்கில் அது ஏறக்குறைய 25 சதவீதம் ஆச்சு. நம்ம ஆட்கள் பெருமையா சொல்ற கணக்கு இது. நிலம் போன பர்மாக்காரன் எப்படிச் சொல்வான்னும் யோசிக்கணும். 1942-ல் ஜப்பான்காரன் வந்ததும் ஓட்டம். 1948-ல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் போட்டது. 1963-ல் நெ வின் அரசு வங்கிகளையும் எடுத்துக்கிச்சு.

அப்புறம் வீடுகள். ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிங்க, யார் ரிப்பேர் பார்க்கிறது? பிரிச்சு வித்தாங்க. நிலை, கதவு, தூண், உத்தரம்னு ஒவ்வொண்ணா. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகள் வரிசையா இருக்கு. என்னைக்கோ ஒரு வளவுல பரப்பி வச்ச மங்குச் சட்டியும் தூக்கும் அங்க மறுபடி பரப்பிக் கிடக்கு. பித்தளைக் குடத்தைத் திருப்பிப் பார்த்தா யாரோ ஒரு ஆச்சியோட இனிஷியல் வெட்டியிருக்கும். விலை கேட்டா கடைக்காரர் ஒண்ணா, மொத்தமாவான்னு கேப்பார். மொத்தமா எடுத்தா குறைச்சுப் போடுவார்.