துயரின் வாயிலில் நிருபர்

பத்திரிகைத் தொழில் பல்கலைக்கழகப் பாடமாகி நூறாண்டுக்கு மேலாயிற்று. அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகம் 1908ஆம் ஆண்டிலேயே அதற்கெனத் தனிக் கல்லூரி கண்டது. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எவ்வாறு என்னும் வினாக்களுக்கு விடை தேடும் வகையை மாணவர் கற்றனர். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன் அவ்வினாக்களோடு எவ்வாறு நிற்பது என்பதோ நெடுங்காலம் பாடமாகவில்லை.

1988 டிசெம்பர் 21ஆம் நாள், இலண்டனிலிருந்து நியூயோர்க் நோக்கிப் பறந்த விமானமொன்று ஸ்கொத்லாந்தின் லொக்கர்பி நகருக்கு மேலே குண்டு வெடித்துச் சிதறியது. வானிலும் மண்ணிலுமாக 270 பேர் மாண்டனர். அவருள் 35 பேர், அமெரிக்காவின் சிரக்கியூஸ் பல்கலைக்கழகம் வழியாக வெளிநாட்டிற் கற்று வீடு திரும்பிய மாணவர். நியூயோர்க் விமான நிலையத்திலே செய்தி கேட்ட தாயொருத்தி நிலத்தில் வீழ்ந்து அலறினாள். கமெராக்கள் அவளைப் படம் பிடித்தன. சிரக்கியூஸில் வழிபாட்டுக்குக் கூடி அழுத மாணவரிடையேயும் அவை புகுந்தன. அப்பல்கலைக்கழகமோ புகழ்பெற்ற ஊடகக் கல்லூரியை உடையது. தாம் கற்பிக்கும் தொழிலின் கடுமையை ஆசிரியர்கள் தம் முற்றத்திலேயே கண்டனர். ஜோன் டெப்பா என்னும் ஆசிரியை, சக ஆசிரியருடன் அதனை ஆராய்ந்து நூலாக்கினார்.

பேரிடருக்குப் பின் உள்ளத்தில் நிலைக்கும் மனவடுவை அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1980இல் நோயென ஏற்றிருந்தது. அவ்வறிவைச் செய்தித் துறைக்குக் கொணர்ந்தவருள் முதன்மையானவர் பிராங்க் ஒக்பேர்க் என்னும் உளமருத்துவர். 1991இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் திட்டம் தொடங்கிற்று. பாதிக்கப்பட்டோரே வகுப்புக்கு வந்து, நிருபரிடம் தாம் பட்டதை எடுத்துரைத்தனர். சியாற்றிலில் உள்ள வோஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோஜர் சிம்சன் முதலானோர், துயருற்றவராக நடிப்போரை மாணவர் பேட்டிகாணச் செய்தனர். அங்கு 1999இல் நிறுவப்பெற்ற டார்ட் மையம் 2009இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்கு மாறியது.

பாடத்தின் சாரம் எளியது. முதலில் உன்னை யாரென்று சொல். பேசுவதா மறுப்பதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். 'இப்போது உங்கள் மனநிலை எப்படி?' என்று கேளாதே. மௌனத்தை வினாக்களால் நிரப்பாதே. இறந்தவரின் பெயரைப் பிழையற எழுது. கூட்டம் கலைந்தபின்னும் ஒருமுறை திரும்பிச் செல். உயிர் பிழைத்தவர் எவ்வாறு வாழ்கின்றார் என்பதும் செய்தியே.

நிருபரும் மனிதரே. அந்தனி பைன்ஸ்டைன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், போர்ச் செய்தியாளர் 140 பேருள் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தம் வாழ்நாளில் அந்நோய்க்கு ஆளாகியிருந்தனர்.

இவ்விரக்கம் உண்மையை மழுங்கச் செய்யாதோ என ஐயுறுவாரும் உளர். நேயர்களே, மதிப்போடு கேட்கப்பட்டவர் அன்றோ அஞ்சாது, முழுமையாகச் சொல்வர்? 2004இன் கடற்கோளையும் நீண்ட போரையும் கண்ட நம் நாட்டில், நிருபர் தட்டவேண்டிய துயர வீட்டுக் கதவுகள் இன்னும் பல உள.