புகையா, பனியா? மணிமேகலை காட்டும் வாத நெறி



மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையைப் பரீட்சைக்கு வராத பகுதியென்று ஒதுக்கிவிடுவது நம்மிடையே வழக்கம். நான் மாணவனாயிருந்த காலத்தில் என் ஆசிரியர் அதனை விட்டுச் சென்றார். பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சியும் முடித்து வகுப்பறைக்குள் நுழைந்த நானும் அவ்வாறே விட்டேன். அக்காதையை அடியடியாக வாசிக்கும்படி என்னைச் செய்தது, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நான் இழைத்த பிழையொன்றாகும்.

உயர்தர வகுப்பு மாணவர் இருவரின் கட்டுரைக் கொப்பிகளில் மூன்று பந்திகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருந்தன. ஒருவன் வகுப்பில் முதல்வன். மற்றவன் பின்வாங்கில் இருப்பவன். நான் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. பின்வாங்குக்காரனை எழுப்பி, கொப்பியைச் சிவப்பு மையால் குறுக்கே கீறிக் கொடுத்தேன்.

“நான் பாத்து எழுதேல்லை, சேர்” என்றான்.

“அப்ப அவனோ உன்னைப் பாத்து எழுதினவன்?” என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது.

ஒரு கிழமை கழித்து அந்த முதல் மாணவனே வந்து உண்மையைச் சொன்னான். முந்திய ஆண்டு பரீட்சை எழுதிய அக்கா ஒருவரின் குறிப்புக் கொப்பி இருவர் கைக்கும் வந்திருக்கின்றது. இருவரும் அதனைத் தனித்தனியே மனனம் செய்திருக்கின்றனர். ஒருவரையொருவர் பார்த்து எழுதவேயில்லை. வகுப்பின் முன் நான் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை, சேர்” என்றான் அந்தப் பிள்ளை. ஆயினும் அதன்பின் என் பாடத்தில் அவன் ஒருநாளும் கை உயர்த்தவில்லை.

என் நியாயத்தில் எங்கே ஓட்டை இருந்தது? அதைத் தேடியபோதுதான் அறவணவடிகளிடம் போய்ச் சேர்ந்தேன்.

வாதஞ் செய்தல் தமிழர்க்குப் புதிதன்று. மணிமேகலையின் முதற் காதையாகிய விழாவறை காதையிலேயே, புகாரில் இந்திர விழாவை அறிவிக்கும் முரசறைவோன், கற்றறிந்தோர் முறையறிந்து பட்டிமண்டபத்தில் ஏறுக என்கிறான். பகைவரோடாயினும் சினமும் பூசலும் கொள்ளாது விலகுக என்பதும் அவன் அறிவிப்பில் உண்டு. இருபத்தேழாம் காதையில் மணிமேகலை மாதவன் வடிவுகொண்டு வஞ்சி மாநகரில் சமயக்கணக்கர் பலரின் கொள்கைகளைக் கேட்கிறாள். அங்கு முதலிற் பேசும் அளவைவாதி, மெய்யறிவைத் தரும் அளவைகளை மட்டுமன்றி, அறிவுபோலத் தோன்றி ஏமாற்றும் எட்டினையும் எடுத்துரைக்கின்றான். இப்பியை வெள்ளியென்று கொள்வது திரியக்கோடல். நிற்பது தறியோ மனிதனோ எனத் தடுமாறுவது ஐயம். ஆராயாமலே அந்தத் தறியை மனிதன்தான் என்று முடிவுகட்டுவது தேராது தெளிதல். ஐயத்தினும் தேராது தெளிதலே கொடியது என்பது என் அனுபவம். ஐயப்படுபவன் மீண்டும் ஒருமுறை பார்ப்பான். தெளிந்துவிட்டதாக எண்ணுபவன் பார்க்கவே மாட்டான்.

அதே காதையில், கண்ணாற் கண்டதையன்றி வேறெதையும் ஒப்பேன் என்னும் பூதவாதியை நோக்கி மணிமேகலை நகைக்கின்றாள். உன் தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என்பது அவள் வினா. ஒருவன் ஏற்றுக்கொண்ட கொள்கையையே அவன் வாழ்க்கையோடு ஒட்டிப் பார்க்கும் இவ்வினாவில் வாதக் கலையின் நுட்பமொன்று அடங்கியுள்ளது.

இனி, காஞ்சியில் அறவணவடிகள் அவளுக்குக் கற்பிக்கும் பாடத்துக்கு வருவோம். அளவைகள் காட்சியும் கருத்தும் ஆகிய இரண்டே என்று தொடங்கும் அடிகள், கருத்தளவைக்கு வேண்டிய உறுப்புக்களைப் பிரித்துக் காட்டுகின்றார். இந்த மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை இருத்தலால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். அதாவது இரு தரப்பாரும் ஒப்பும் உதாரணம். உபநயம், நிகமனம் என்னும் மற்றிரண்டும் திட்டாந்தத்துள் அடங்கும் என்பது அடிகள் கருத்து. எதிர்மறை உதாரணமும் வேண்டும்: நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை, நீரைப் போல. நமது குசினியும் கிணற்றடியும் போதும், ஒரு வாதத்தைச் சோதிப்பதற்கு!

பின்னர் அடிகள் போலிகளைத் தொகுக்கின்றார். பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து, ஆக 33. பெயர்கள் வடமொழியாய்க் கரடுமுரடாக இருப்பினும் உதாரணங்கள் எளியவை. ‘என் தாய் மலடி’ என்பவன் தன் சொல்லாலேயே தன்னை மறுக்கின்றான். இது சுவசன விருத்தம். சத்தம் நிலையானதா, நிலையற்றதா என்பது அக்காலத்துப் பெரும் வழக்கு. வேதத்தின் நித்தியத்தைக் காப்போர் நிலையானது என்றனர், பௌத்தர் மறுத்தனர். ஆதலால் உதாரணங்கள் பலவும் சத்தத்தைப் பற்றியே வருகின்றன. ‘சத்தம் நிலையற்றது, அறியப்படுதலால்’ என்றால் என்ன பிழை? அறியப்படும் பொருள்களில் நிலைத்தனவும் உள, நிலையாதனவும் உள. இருபக்கமும் செல்லும் இக்காரணம் எதனையும் நிறுவாது, இதுவே அநைகாந்திகம். ‘சத்தம் நிலையானது, பண்ணப்படுதலால்’ என்பதோ அதனினும் மோசம். பண்ணப்பட்டவை அழிவன, ஆகவே காட்டிய காரணம் எதிரியின் கட்சியையே நிறுவுகின்றது. இது விருத்தம்.

என் மனத்தில் தைத்தது சித்தாசித்தம் என்னும் போலி. தூரத்தே தெரிவது ஆவியோ பனியோ என்ற ஐயம் நீங்காமலே, புகைதான் என்று கொண்டு அங்கே நெருப்பு உண்டு எனத் துணிதல் அது. புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பு சரியானதே. ஆனால் கண்டது புகையா என்று உறுதிசெய்யப்படவில்லை. ஒத்த பந்திகளைக் கண்டு அவற்றைக் களவென்று துணிந்த நானும் பனியைத்தான் பார்த்திருந்தேன்.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. உ. வே. சாமிநாதையர் 1898 இல் மணிமேகலையைப் பதிப்பித்த பின்னர், இந்தக் காதையே ஆய்வாளரிடையே ஒரு வழக்கைக் கிளப்பியது. பௌத்த தருக்க நூலாகிய நியாயப்பிரவேசத்திலும் இதே 33 போலிகள் உள்ளன. உதாரணங்களும் பெரிதும் ஒத்துச் செல்கின்றன. அந்நூலைத் திபெத்திய மரபு திக்நாகருக்கும், சீன மரபு சங்கரசுவாமிக்கும் உரியதாக்கும். குப்புசாமி சாஸ்திரியார், மணிமேகலை அந்நூலைப் பின்பற்றியதே என்றார். சாக்கோட்டை கிருஷ்ணசுவாமி ஐயங்கார் 1928 இல் வெளியிட்ட நூலில், ஐந்து உறுப்புக்களையும் சொல்லி இரண்டை மூன்றாவதில் அடக்கும் முறை திக்நாகருக்கு முந்திய நிலையைக் காட்டுவது என வாதித்தார். காப்பியத்தின் காலம் இவ்வழக்கைச் சார்ந்திருந்தது.

என் வகுப்பறை வழக்கும் இதுவேயன்றோ? இரு ஏடுகள் ஒத்திருந்தால், முதலாவது இரண்டாவதைப் பார்த்திருக்கலாம். இரண்டாவது முதலாவதைப் பார்த்திருக்கலாம். இரண்டும் மூன்றாவதொன்றிலிருந்து வந்திருக்கலாம். ஒப்புமை என்னும் ஏது இம்மூன்றுக்கும் பொது. தொடர்பு உண்டு என்பதை அது நிறுவும். யார் யாரிடம் பெற்றார் என்பதை நிறுவ வேறு சான்று வேண்டும். அறிஞர் இருவரும் இதனை உணர்ந்தே உறுப்புக்களின் அமைப்பு, சொல்லாட்சி, மரபு என்று மேலும் மேலும் சான்று தேடினர். பின்வந்தோர் பலர் சாஸ்திரியார் பக்கம் சாய்ந்தமை அச்சான்றுகளை நிறுத்துப் பார்த்த பின்னரேயாம். நான் நாடிய ஒரே சான்று, அந்தப் பிள்ளை இருந்த வாங்கு.

இந்தக் கல்வி பௌத்தத்தோடு நின்றுவிடவில்லை. சமணக் காப்பியமாகிய நீலகேசி முழுவதும் வாதமே. சைவ சாத்திரமாகிய சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரண்டாக வகுக்கப்பட்டு, அளவைக்கும் இடமளிக்கின்றது. பிறர் கட்சியை முதலில் அவர் சொல்லும் வண்ணமே எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுக்க வேண்டும் என்ற ஒழுங்கு அதில் உண்டு. சமயங்கள் ஒன்றோடொன்று கடுமையாகப் பொருதிய காலத்திலும் வாதத்தின் விதிகள் பொதுச் சொத்தாயிருந்தன.

இப்பொழுது என் மாணவர்க்கு அந்தக் காதையை ஒதுக்காமல் மூன்று பாடவேளைகளில் கற்பிக்கின்றேன். நீ நிறுவ விரும்புவது யாது, அதற்குக் காரணம் யாது, அந்தக் காரணம் இருந்தும் முடிவு பொய்யான இடம் ஒன்றாவது உண்டா என்று அவர்களையே கேட்கச் செய்கின்றேன். பரீட்சையில் வினா வருவதில்லை, பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். இரண்டு கொப்பிகள் ஒத்திருக்கும் நாட்களில் சிவப்புப் பேனையை மூடிவைத்துவிட்டு, இருவரையும் அருகில் அழைத்து, “தம்பிமார், இது எங்கையிருந்து எடுத்தது?” என்று முதலிற் கேட்கின்றேன்.