நகோயா ஆய்வகமும் காலியம் நைட்ரைடு மென்படலமும்: தற்செயலும் ஆய்வுமரபும் (1981–1992)

ஆய்வுச்சுருக்கம்

நீல ஒளியுமிழ் டையோடின் வரலாறு பழுதுற்ற ஓர் உலையின் கதையாகவோ, பரிசு பெற்ற மூவரின் தனித்திறக் கதையாகவோ பெரும்பாலும் கூறப்படுகிறது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வகத்தில் காலியம் நைட்ரைடு மென்படலம் வளர்க்கப்பட்ட முறையையும் அதன் தொடர்ச்சியையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தற்செயலுக்கு அவ்வரலாற்றில் இடமுண்டு. ஆயினும் அதனை அறிவாக மாற்றியது ஆய்வகத்தின் தொடர்முயற்சியும் கூட்டு நினைவுமே என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: குறைகடத்தி, மென்படலம், காலியம் நைட்ரைடு, நகோயா பல்கலைக்கழகம், அறிவியல் வரலாறு.

முன்னுரை

கண்ணுக்குப் புலனாகும் சிவப்பு ஒளியை உமிழும் டையோடு 1962இல் உருவானது. நீல ஒளி மட்டும் அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வசப்படவில்லை. நீலம் இன்றி வெள்ளொளி இல்லை என்பதால், அது விளக்குத் தொழிலின் அடிப்படைச் சிக்கலாகவே நின்றது. நீல ஒளிக்குத் தேவையான அகன்ற ஆற்றல் இடைவெளி கொண்ட பொருள்கள் அறியப்பட்டிருந்தன. அவற்றைக் குறையற்ற படலமாக வளர்க்கும் வழியே அறியப்படவில்லை. ஆகவே இது கோட்பாட்டு வரலாறு என்பதைவிட வளர்ப்பு முறையின் வரலாறு எனல் பொருந்தும்.

கைவிடப்பட்ட பொருள்

1969இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தைச் சார்ந்த மருஸ்கா, டீட்ஜென் ஆகியோர் நீலக்கல் தளத்தின்மீது காலியம் நைட்ரைடை ஒற்றைப்படிகப் படலமாக வளர்த்தனர். 1971இல் அதே நிறுவனத்தின் பான்கோவ் அதிலிருந்து ஒளியையும் பெற்றார். எனினும் இரு தடைகள் நீடித்தன. நீலக்கல்லுக்கும் காலியம் நைட்ரைடுக்கும் இடையே படிக அணிக்கோவைப் பொருத்தமின்மை சுமார் 16 விழுக்காடு. அதனால் படலம் கரடுமுரடாக வளர்ந்தது. மேலும், மின்துளைகளால் மின்சாரத்தைக் கடத்தும் பி-வகைப் படலம் கிடைக்கவில்லை. அது இன்றி உண்மையான பி-என் சந்தி அமையாது.

இதனால் பலரும் துத்தநாக செலினைடை நாடினர். காலியம் ஆர்சனைடு தளத்தோடு அதன் அணிக்கோவை நன்கு பொருந்தியது. இசாமு அகசாகி மட்டும் மட்சுஷிதா நிறுவன ஆய்வகத்தில் 1970களில் தொடங்கிய காலியம் நைட்ரைடு ஆய்வை விடவில்லை. 1981இல் அவர் நகோயா பல்கலைக்கழகப் பேராசிரியரானபோது அப்பொருளும் ஆய்வகத்துக்கு உடன் வந்தது.

வினைகலனும் மாணவர் உழைப்பும்

அகசாகி தேர்ந்தது உலோகக் கரிம ஆவிப்படிவு முறை. குவார்ட்ஸ் குழாயினுள் சூடேற்றப்பட்ட நீலக்கல் தளத்தின்மீது டிரைமெத்தில் காலியம் ஆவியும் அம்மோனியா வளிமமும் செலுத்தப்படும். சுமார் 1000 பாகை செல்சியசில் அவை சிதைந்து, காலியம் நைட்ரைடு அடுக்கடுக்காகப் படியும். இதற்கான கருவியை விலைகொடுத்து வாங்கும் நிதிவளம் ஆய்வகத்திற்கு இல்லை. 1982இல் இளநிலை மாணவராகச் சேர்ந்த ஹிரோஷி அமானோவும் உடன்பயின்றோரும் வினைகலனைத் தாமே வடிவமைத்துப் பொருத்தினர்.

தொடக்கப் படலங்கள் தேய்த்த கண்ணாடி போல் மங்கலாயிருந்தன. வெப்பத்தால் மேலெழும் வளிம ஓட்டம், வினைப்பொருள்களைத் தளத்தை அடையவிடாமல் தள்ளிற்று. ஆகவே வளிமங்களை ஒரே குழாயில் கலந்து செலுத்துதல், ஓட்டத்தின் விரைவைப் பன்மடங்கு உயர்த்துதல், தளத்தைச் சாய்வாக அமைத்தல் எனக் கருவி படிப்படியாகத் திருத்தப்பட்டது. அமானோ 1,500 முறைக்கு மேல் படலம் வளர்த்துப் பார்த்ததாகப் பதிவுசெய்துள்ளார். இம்முயற்சிகள் தனித்தனியே தோல்விகள். ஒருங்கே நோக்கின், இவ்வுலையில் எது இயல்பு, எது விலகல் என்பதைக் கண்டறியும் பயிற்சி.

பழுதும் பயனும்

1985இல் ஒருநாள் உலை வழக்கமான வெப்பநிலையை எட்டவில்லை. காலியம் நைட்ரைடுக்கும் நீலக்கல்லுக்கும் இடையே மெல்லிய அலுமினியம் நைட்ரைடு அடுக்கை இடுவது அப்போது ஆய்விலிருந்த கருத்து. உயர்வெப்பத்தில் வளர்த்த அத்தகைய அடுக்கைப் பயன்படுத்தி யோஷிதாவும் உடனாய்வாளர்களும் 1983இல் கட்டுரை வெளியிட்டிருந்தனர். வேறொரு பொருளான போரான் பாஸ்பைடின் வளர்ச்சி பற்றி ஆய்வகத்தில் முன்னர் நிகழ்ந்த உரையாடலும் அமானோவின் நினைவில் இருந்தது. குறைந்த வெப்பத்திலேயே அலுமினியம் நைட்ரைடைப் படியவிட்டு, பின்னர் வெப்பத்தை உயர்த்திக் காலியம் நைட்ரைடை வளர்த்தார். வெளியே எடுத்த தளம் மிகத் தெளிவாயிருந்தமையால், காலிய ஆவியைச் செலுத்த மறந்துவிட்டதாகவே அவர் முதலில் எண்ணினார். நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் சமதளமான படலம் வளர்ந்திருப்பது தெரிந்தது.

இங்கே தற்செயலின் பங்கை வரையறுத்தல் தேவை. இடையடுக்கு என்னும் கருத்து புதிதன்று. குறைந்த வெப்பநிலையே புதிது. பழுது தந்தது அதை மட்டுமே. ஒழுங்கற்ற அந்த அடுக்கு, வெப்பம் உயரும்போது சிறு படிக விதைகளாக மாறி, மேற்படலம் ஒரே திசையில் வளர உதவுகிறது. உலை சரியானபின் அதே விளைவைத் திட்டமிட்டு மீண்டும் பெற முடிந்தமையே அதனைக் கண்டுபிடிப்பாக்கியது. 1986இல் வெளியான கட்டுரையில் அமானோ, சவாக்கி, அகசாகி, டொயோடா என நால்வர் பெயர்கள் உள்ளன.

விளைவு முன், விளக்கம் பின்

இரண்டாம் தடையின் கதை வேறு. துத்தநாகம் கலந்த படலத்தின்மீது மின்னணுக் கற்றை படும்போது அதன் ஒளிர்வு கூடுவதை அமானோ கண்டார். ஆனால் அது பி-வகையாக மாறவில்லை. துத்தநாகத்துக்கு மாற்றாக மக்னீசியம் கலந்து கற்றையைச் செலுத்தியபோது, 1989இல் பி-வகைப் படலமும் பி-என் சந்தி டையோடும் கிடைத்தன. அக்கட்டுரையின் ஆசிரியர்கள் அமானோ, கிதோ, ஹிராமட்சு, அகசாகி. ஆயினும் கற்றை ஏன் அவ்வாறு செயற்படுகிறது என்பது அப்போது தெளிவாகவில்லை.

விடை தொழில்நிறுவனத்திலிருந்து வந்தது. நிச்சியா நிறுவனத்தின் ஷுஜி நகாமுராவும் உடனாய்வாளர்களும் 1992இல், மின்னணுக் கற்றை இன்றியே, நைட்ரஜன் சூழலில் 700 பாகைக்கு மேல் சூடேற்றினால் படலம் பி-வகையாவதைக் காட்டினர். அதையே அம்மோனியா சூழலில் சூடேற்றினால் மின்தடை மீண்டும் உயர்ந்தது. வளர்ப்பின்போது அம்மோனியாவிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் மக்னீசியத்தோடு பிணைந்து அதன் செயலை முடக்குகிறது என்பது இதனால் விளங்கியது. மக்னீசியம் கலந்த படலத்தை 1972இலேயே மருஸ்கா குழுவினர் வளர்த்து ஊதா ஒளி பெற்றிருந்தனர். பி-வகை மட்டும் அவர்களுக்குக் கிட்டவில்லை. பொருத்தமான மாசு கைக்கு வந்தபின்னும் அதனைச் செயற்படுத்தும் வழி தெரிய இருபது ஆண்டுகள் சென்றன.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, உலைப்பழுது கண்டுபிடிப்பின் காரணமன்று. முன்னரே திரண்டிருந்த அனுபவத்துக்கு வாய்த்த தூண்டல். இரண்டாவது, பயன் உறுதியற்ற பொருளைப் பல்லாண்டு தொடரப் பல்கலைக்கழக ஆய்வகம் இடமளித்தது. விளைவின் பொறிமுறையை விளக்கி உற்பத்திக்கு ஏற்ற முறையாக்கியதில் தொழில்நிறுவனத்தின் பங்கு பெரிது. ஒன்றை உயர்த்த மற்றொன்றைத் தாழ்த்துவது வரலாற்றுக்கு ஒவ்வாது. மூன்றாவது, 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அகசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் வழங்கப்பட்டது. ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர அதன் விதி இடந்தராது. ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலோ அதனினும் நீளமானது. குழாய் பொருத்தி உலை காத்த மாணவர் பட்டியல் இன்னும் நீளமானது. அறிவியல் வரலாறு எழுதுவோர் பரிசுப் பட்டியலிலிருந்து தொடங்காமல் ஆய்வகப் பதிவுகளிலிருந்து தொடங்கினால், அவ்வுழைப்புக்கும் உரிய இடம் கிட்டும்.