ஸ்டாரை உருவாக்குவது யார்? காமா பயில்வானில் இருந்து யூஎஃப்சி வரை

நோர்வூட் டவுன்ல டீக்கடை பெஞ்சில உட்கார்ந்து போன்ல யூஎஃப்சி பார்க்கிறப்போ எங்களுக்குள்ள ஒரு வாக்குவாதம் அடிக்கடி வரும். கொனர் மெக்கிரகரை ஸ்டார் ஆக்கினது அவரோட கையா, டேனா வைட்டோட வியாபார மூளையா? ஆளுக்கொரு கட்சி. ஆனால் இந்தக் கேள்வி யூஎஃப்சியை விட ரொம்பப் பழசு.

1910இல் பஞ்சாபைச் சேர்ந்த காமா பயில்வான் லண்டனுக்குப் போனார். கூட்டிப்போனவர் பெஞ்சமின் என்ற புரமோட்டர். இந்தியாவில் காமா அப்போதே பெரிய பெயர். லண்டனிலோ, உயரம் குறைவு என்று சொல்லிப் பெரிய போட்டியில் சேர்க்கவே இல்லை. அதன் பிறகு வந்ததுதான் அந்தப் பிரபலமான சவால்: எந்த எடையில் வந்தாலும் சரி, மூன்று பேரை முப்பது நிமிடத்துக்குள் வீழ்த்துவேன். முதலில் பலர் இதை வெறும் விளம்பரம் என்றே நினைத்தார்கள்.

ஆகஸ்ட் மாதம் அமெரிக்கரான பெஞ்சமின் ரோலர் மோத வந்தார். இரண்டு நிமிடம் முடியும் முன்பே முதல் தடவை விழுந்தார். செப்டம்பர் 10ஆம் திகதி போலந்தின் ஸ்பிஷ்கோ வந்தார். இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் பெரும்பாலும் தரையோடு தரையாகக் கிடந்து தப்பித்தார். ஒரு வாரத்தில் மறுபோட்டி. ஸ்பிஷ்கோ வரவே இல்லை. காமா வென்றதாக அறிவித்தார்கள். 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி மோதினார்கள். ஒரு நிமிடத்துக்குள் கதை முடிந்தது.

இதில் புரமோட்டரின் பங்கு சின்னதில்லை. அந்தச் சவால் இல்லை என்றால் லண்டன் காமாவைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. ஆனால் ரோலரிடம் காமா தோற்றிருந்தால் அந்த விளம்பரம் அன்றைக்கே செத்திருக்கும். மேடை போட ஒருத்தர் வேணும், சரி. மேடையில் எதிராளியைத் தூக்கிப் போடுறது யார்?

பெயர் நிலைத்தது, கை நிறையவில்லை. நோயோடும் பணக்கஷ்டத்தோடும் இருந்த காமா 1960இல் லாகூரில் இறந்தார்.

இனி இன்றைய கணக்கு. யூஎஃப்சியை 2001இல் 20 லட்சம் டொலருக்கு வாங்கியவர்கள் 2016இல் 400 கோடி டொலருக்கு விற்றார்கள். தங்களுக்குரிய ஊதியத்தைக் கம்பனி அமுக்கி வைத்திருக்கிறது என்று சில வீரர்கள் 2014இல் வழக்குப் போட்டார்கள். கடைசியில் 37.5 கோடி டொலருக்குச் சமரசம். மேடையை யார் போட்டாலும், கேட்காமல் பங்கு வராது என்பது அந்த வீரர்களுக்கும் தெரிந்திருந்தது.

மலையகத்தில் பிறந்த எங்களுக்கு இது புதுக்கதையா? தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கையில் தோட்டங்கள் வாங்கினார். விளம்பரத்தில் மன்னன். அவருடைய பெயர் இன்னமும் உலகம் முழுக்கத் தேயிலைப் பெட்டியில் இருக்கிறது. கொழுந்து பறித்த எங்கள் பாட்டிமார் ஒருத்தரின் பெயராவது எந்தப் பெட்டியிலாவது இருக்கா? நாட்கூலி ஆயிரம் ரூபாய் ஆகிறதுக்கே 2021 வரைக்கும் போராட வேண்டியிருந்தது.

அதனால பெஞ்சில நாங்க போடுற சண்டையைக் கொஞ்சம் மாத்திக்கணும். ஸ்டாரை உருவாக்கினது யார் என்பதோடு, அந்தப் பெயரில் வர்ற காசு யாருக்குப் போகுது என்றும் கேட்கணும். கராத்தே, குத்துச்சண்டை பழகுற தம்பி தங்கச்சிமாருக்கும் இதைத்தான் சொல்றோம்: நல்லா அடிக்கப் பழகுங்க; நாளைக்கு யாராவது மேடை தர்றோம்னு வந்தா, கையெழுத்துப் போட முதல் ஒப்பந்தத்தை முழுசா வாசிங்க.