கோட்டையும் கோத்தாவும்

கேமரன் மலையின் கியா பார்மிலிருந்து வடக்கே செல்லும் சாலை, கம்போங் ராஜா, லோஜிங், குவா மூசாங் ஆகிய ஊர்களின் வழியே கிளந்தானின் தலைநகரை அடைகிறது. அந்நகரின் பெயர் கோத்தா பாரு. தமிழில் பெயர்த்தால் புதுக்கோட்டை. 1948 வரை தமிழகத்தில் தனி அரசாக விளங்கிய சமஸ்தானத்தின் பெயரும் அதுவே. இது தற்செயலான ஒற்றுமை மட்டுமன்று. கோட்டையும் கோத்தாவும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள்.

கோத்தா வடமொழி வழியாக மலாய்க்கு வந்தது என்பர் அகராதியார். ஆயினும் பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் கோட்டை இடம்பெற்றுள்ளது. ஆதலின் வடசொல் என்று கூறி அமைவது குறை. தமிழிலிருந்து நேரே சென்றது என்று மார்தட்டுவதோ மிகை.

வேர்ப்பொருள் யாது? கோடுதல் என்பது வளைதல். கல்லும் உயரமும் அன்று, வளைந்து சூழ்தலே இச்சொல்லின் உயிர். விதைநெல்லை வைக்கோலால் பொதிந்து, புரி சுற்றிக் கட்டிய உருண்டையும் உழவர் நாவில் கோட்டைதான். நிலவைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றினால், 'நிலா கோட்டை கட்டியிருக்கிறது' என்பர் முதியோர். தேயிலை மலையில் வளரும் பிள்ளைகளுக்கு இச்சொல்லை விளக்கச் செஞ்சிக்கோட்டையின் படம் வேண்டுவதில்லை. வானத்தைக் காட்டினால் போதும்.

கியா பார்மில் மதிலும் அகழியும் இல்லை. ஆனால் வளைப்பு ஒன்று எழுந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டப்படி, ஏறத்தாழ 5,00,000 பேர் முள்வேலி சூழ்ந்த குடியேற்றங்களில் அமர்த்தப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் சீனர். கியா பார்மும் அவ்வகைக் கிராமங்களுள் ஒன்று. நாட்டின் பல தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரின் லயன் வீடுகளும் வேலிக்குள் தொகுக்கப்பட்டன.

உள்ளே உணவு நிறைந்திருக்கவும், அகத்தார் எளிதில் நிலைத்து நிற்கவும் இடந்தருவதே அரண் என்பது வள்ளுவர் கருத்து. இவ்வேலியோ அகத்தாரையே ஐயுற்றது. காட்டிலிருந்த கெரில்லாக்களுக்கு அரிசி சென்றுவிடாதபடி வாயிலில் சோதனை. இரவில் வெளியேறத் தடை. வேர்ப்பொருளால் அது கோட்டையே. வள்ளுவர் வகுத்த அரண் அன்று. மலாய்மொழியும் அதற்குக் கோத்தா என்னும் பெயரை வழங்கவில்லை. கம்போங் பாரு, புதுக்கிராமம், என்றே அழைத்தது.